ஊசிக்குக் காவல்

காரிமங்கலம் வருவதற்கு முன்பே ஊசி பாதியைத் தாண்டிவிட்டது.

கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் எந்த ஊசியைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அரைவட்டம் இருக்கும். கீழே நீலக்கோடு, மேலே சிவப்புக்கோடு. எஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று அதில் ஓர் ஊசி காட்டும். எங்கள் வண்டியில் அது பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து உட்கார்ந்துவிட்டால், வீடு வந்து சேரும்வரை அசையாது.

அன்றைக்கு அசைந்தது.

பக்கத்து சீட்டில் என் மகள் நித்யா. வளைகாப்பு முடிந்து, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பின் சீட்டில் என் வீட்டுக்காரர். கலவை சாதம் ஒன்று விடாமல் ருசி பார்த்த களைப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார். மாப்பிள்ளையுடையது. புதுசு, உயரமானது, என் கண்ணாடியை முழுசாக அடைத்துக்கொண்டு வந்தது.

நான் நிறுத்தினால் அவர் பார்த்துவிடுவார். நிறுத்தாவிட்டால் எஞ்சின் போய்விடும். எஞ்சின் போனாலும் அவர் பார்ப்பார்.

எங்கள் வண்டி வழியில் நின்றால் என் மகளுக்கு என் வீட்டில் பிரசவம் இல்லை. பேச்சு அப்படித்தான் இருந்தது.

“பாக்கலாம்” என்ற ஒரு சொல்

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரை அவரும் படிக்கிறார். பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தக்காளி போடும் குடும்பம். இவர் மட்டும் படித்துவிட்டு பெங்களூரில் வேலையில் இருக்கிறார். அதிர்ந்து பேச மாட்டார். அதிர்ந்து பேசாதவர்களிடம்தான் எனக்குப் பயம். சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

வளைகாப்புக்கு நாள் குறிப்பதற்காக எங்கள் ஊர் கம்பைநல்லூருக்கு வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே வாசலில் நின்ற எங்கள் வண்டியைப் பார்த்தார்.

“அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. வலி எடுத்தா இங்கருந்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போவணும். எதுல கூட்டிட்டுப் போவீங்க?”

“நம்ம வண்டி இருக்குதுங்களே மாப்பிள்ளை. அவசரம்னா ஆம்புலன்ஸ் கூப்புட்டுக்கலாம்.”

“ஆம்புலன்ஸ் அந்நேரம் வேற ஊருக்குப் போயிருந்தா? இந்த வண்டி எத்தினி வருசமா இருக்குதுங்க?”

எனக்கு முந்திக்கொண்டு வீட்டுக்காரர் வருஷத்தைச் சொன்னார். பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்கிற மாதிரி பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

“பெங்களூர்ல ஆஸ்பத்திரி வூட்டுக்கு எதுத்தாப்லயே இருக்குதுங்க. நித்யாதான் அம்மா வூடு, அம்மா வூடுங்கறா. சரி, வளைகாப்பு முடிஞ்சு உங்க வண்டியிலயே கூட்டிட்டு வாங்க. நான் பின்னாலயே வர்றேன். வண்டி எப்படி வருதுன்னு பாக்கலாம்.”

அந்தப் ‘பாக்கலாம்’ அன்று முதல் என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்களிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதில்லை. பிறகு கடைக்குப் போனால், குளித்தால், சாமி கும்பிட்டால் எல்லாம் அதே யோசனைதான்.

வாங்கியவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர்

எங்கள் விதைக்கடையைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, “கார் வாங்குன கதைய எழுதவே இல்லையே” என்று குறைப்பட்டுக்கொண்ட வாசகர் ஒருவர் உண்டு. வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான். அவருக்காக இதை எழுதுகிறேன்.

கார் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அவர். அதுவும் டிக்கி வைத்த கார்தான் வேண்டும். “டிக்கி இல்லாத காரு, வால் இல்லாத மாடு மாதிரி” என்பார். சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துவந்து, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊரைக் கூட்டி இனிப்புக் கொடுத்தார். எல்லாம் சரி. ஓட்டத்தான் வரவில்லை.

பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் அவருக்கு இரண்டு காலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பக்கத்துத் தோட்டத்து வைக்கோல் போருக்குள் வண்டியைப் பாதிவரை செருகிவிட்டு, “பிரேக்கு நல்லா புடிக்குது” என்று இறங்கி வந்தார். அதோடு சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவில் அப்போது கார் ஓட்டுகிற பொம்பளை யாரும் இல்லை. மூன்று மாதம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண்ணைக் கூட்டிப்போக என்னையே கூப்பிட்டார்கள்.

அவருக்கு அந்த வண்டிமேல் அப்படி ஒரு நம்பிக்கை. எங்கே போய்வந்தாலும் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். எனக்கு நேர்மாறு. ஓட்டுகிறவள் நான். எந்தச் சத்தமும் முதலில் என் காதுக்குத்தான் வரும்.

தர்மபுரியில் அன்வர் பாய் ஒர்க்ஷாப்புக்கு நான் போகாத மாதம் கிடையாது.

“என்னாங்கக்கா?”

“இடது பக்கம் டொக்கு டொக்குனு ஒரு சத்தங்க பாய்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்காருவார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வருவோம். பாவி வண்டி, அப்போது மட்டும் வாயைத் திறக்காது.

“வண்டி நல்லாத்தாங்க்கா இருக்குது. நீங்கதான் சீக்கிரம் சூடாயிடறீங்க” என்பார். பிறகு எதையாவது ஒரு நட்டைத் திருகிவிட்டு, என் மனசுக்காக “இப்ப சரியா இருக்கும்” என்று அனுப்பிவைப்பார்.

உண்மையைச் சொன்னால், அந்த வண்டி எங்களைக் கைவிட்டதே இல்லை. பேட்டரி மாற்றினோம், கிளட்ச் மாற்றினோம், டயர்கள் மாற்றினோம், ரேடியேட்டரை மாற்றினோம். சீட்டுத் துணி வெளுத்துப்போய்விட்டது. டிக்கியில் விதை மூட்டை ஏற்றி ஏற்றி உள்ளே ஒரு தூசி வாசம் தங்கிவிட்டது. அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பும்.

அதனால்தான் எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. இத்தனை வருஷம் நிற்காததையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு, ஒருநாள் நிற்கக்கூடாத இடத்தில் நின்றுவிடும் என்று தோன்றும். இதைச் சொன்னால் வீட்டுக்காரர் சிரிப்பார்.

காவல் வேலை

ஒரே ஒரு தடவை மட்டும் நின்றிருக்கிறது. அது வாங்கிய புதிதில்.

சேலத்தில் துணி எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். எனக்கு ரோட்டைப் பார்ப்பதற்கே கண் போதவில்லை. ஊசியை யார் பார்த்தார்கள்? பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தபிறகுதான் தெரிந்தது. இவர் இறங்கி ஓடி, பத்தடி தள்ளி நின்றுகொண்டு “எறங்குங்க, எறங்குங்க” என்று கத்தினார். நித்யா அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். துணிப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அழுதாள்.

ஒரு குழாய் கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. அதன்பிறகு வண்டி எடுத்தால் நித்யா முன் சீட்டில் உட்கார வேண்டும். அவளுக்கு ஒரே வேலை, ஊசியைப் பார்ப்பது.

“நீ ரோட்டப் பாரும்மா, நான் ஊசியப் பாத்துக்கறேன்” என்பாள்.

ஊசி தன் இடத்தில் அசையாமல் இருந்தால், “ஊசி தூங்குதும்மா” என்று சொல்வாள். ஒரு முடி அளவு ஏறினாலும் “எந்திரிச்சிருச்சும்மா” என்று கூச்சல் போடுவாள். நான் ஓரம் கட்டுவேன். பல தடவை ஒன்றுமே இருக்காது. மேட்டில் ஏறும்போது கொஞ்சம் ஏறியிருக்கும், இறக்கத்தில் இறங்கிவிடும். ஆனால் அவள் பக்கத்தில் இருந்து ‘தூங்குது’ என்று சொல்லச் சொல்ல எனக்குத் தோள் இறங்கும், மூச்சு சீராகும். அவள் காலேஜுக்குப் போய், வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனபிறகு அந்தக் காவலை நானே பார்த்துக்கொண்டேன். அதனால் ரோட்டையும் சரியாகப் பார்ப்பதில்லை, ஊசியையும் சரியாகப் பார்ப்பதில்லை.

மஞ்சள் துணி

மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தனம் பூசும்போது நித்யா கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் மட்டும் பந்தலுக்கு வெளியே நின்ற வண்டியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்நாள்தான் அன்வர் பாயிடம் காட்டி, தண்ணீர், ஆயில், பெல்ட் எல்லாம் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

கிளம்புகிற நேரத்தில் சம்பந்தியம்மா ஒரு தாம்பாளத்தோடு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. நித்யாவைத் தன் மகளைப்போலப் பார்த்துக்கொள்கிறவர். தாம்பாளத்தில் மஞ்சள் தோய்த்த புதுத்துணி ஒன்று, ஒடித்துவந்த வேப்பங்கொத்து ஒரு கட்டு.

“மாசமான புள்ள போற வண்டிங்க சம்பந்தி. காத்து கருப்பு அண்டக் கூடாது” என்றார்.

துணியை வண்டியின் முகத்தில், இரண்டு விளக்குக்கும் நடுவில் குறுக்காக இழுத்து, இறுக்கிக் கட்டினார். அதன் மேல் வேப்பங்கொத்தை வரிசையாகச் செருகினார். அவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம். மாட்டுவண்டி காலத்தில் நுகத்தடியில் கட்டுவார்களாம். எனக்கும் மனசு குளிர்ந்தது. பச்சையும் மஞ்சளுமாக வண்டி கோயில் தேர் மாதிரி நின்றது. வீட்டுக்காரர் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

“இன்னொண்ணுங்க. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் நடுவுல எங்கயும் எறங்கக் கூடாது” என்றார் சம்பந்தியம்மா.

நான் தலையை ஆட்டினேன். எனக்கும் அதேதான் வேண்டியிருந்தது. நிற்காமல் போய்ச் சேர வேண்டும் என்று மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தேனே.

கரும்பு டிராக்டருக்குப் பின்னால்

பாலக்கோட்டு மார்க்கெட் பக்கம் தக்காளி ஏற்றிய டெம்போக்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நசுங்கிய தக்காளியின் புளித்த வாசம். ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தால், முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கிக்கொண்டு, ரோடு முழுக்க அதற்கே சொந்தம் என்று போனது. மாசமான பிள்ளையை வைத்துக்கொண்டு நான் முந்தமாட்டேன். இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன். பங்குனி வெயில். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஊசி எழுந்தது.

முதலில் கண்ணின் பிரமை என்று நினைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பாதி. கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல்.

நித்யா பார்த்துவிடக் கூடாது என்று இடது கையை ஸ்டீயரிங்கின் மேல்பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டேன். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஊசி மறைந்துவிடும். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, “நம்ம புளிசாதத்துல உப்பு கொஞ்சம் கம்மியோ?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. நல்லா இருந்துது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அந்த வெள்ளைக் கார் அதே தூரத்தில், அதே அமைதியோடு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே மாப்பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. முருகா, வீடு வரைக்கும் போதும், அதற்கப்புறம் இதை எடைக்குப் போட்டாலும் பரவாயில்லை என்று வேண்டினேன். உடனே வண்டிக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்தேன்.

அப்போது வளையல் சத்தம் கேட்டது. நித்யா கையை நீட்டி ஏசியை அணைத்தாள்.

“ஏன்டி?”

“குளிருதும்மா.”

திரும்பிப் பார்த்தேன். நெற்றியிலிருந்து சந்தனம் கரைந்து புருவத்தில் வழிந்துகொண்டிருந்தது. கழுத்தெல்லாம் ஈரம். பட்டுப்புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஜன்னல எறக்கட்டுமா?”

“வேணாம்மா. அவரு பாத்தாருன்னா ஏசி வேல செய்யலன்னு நெனப்பாரு.”

ஊசியை மறைத்திருந்த கையை எடுத்தேன்.

“ஊசியப் பாத்துட்டியா?”

“மார்க்கெட்டு தாண்டுனதுல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஏசிய அணைச்சா எஞ்சினுக்குச் சூடு கொறையுமேன்னுதான்.”

“எந்திரிச்சிருச்சுன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ நிறுத்திருவ. நிறுத்துனா அவரு பெங்களூருன்னுருவாரு.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “எனக்கு பயமா இருக்குதும்மா. ஆஸ்பத்திரி எதுத்தாப்ல இருந்தா போதுமா? நீ பக்கத்துல இருக்கணும். எப்படியாவது ஓட்டிரும்மா.”

இத்தனை நாளும் என் ஆசைக்காகத்தான் அவளை இழுக்கிறேனோ என்று உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அவளும் என்னைப்போலவே பயந்துகொண்டு, என்னைப்போலவே மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருபக்கம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை என்னவென்று சொல்வது?

ஆனால் வயிற்றுப்பிள்ளையோடு அனலில் வெந்துகொண்டு ‘குளிருது’ என்கிறாள். இதற்கு மேல் ஓட்டினால் நான் என்ன தாய்? பெங்களூர் என்றால் பெங்களூர். மூட்டையைக் கட்டிக்கொண்டு நானும் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன். யார் வீட்டில் பிறந்தால் என்ன, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதும்.

இண்டிகேட்டரைப் போட்டேன். ஒரு புளியமரத்து நிழலில் ஓரம் கட்டினேன்.

புளியமர நிழலில்

வெள்ளைக் கார் பின்னாலேயே நின்றது. மாப்பிள்ளை கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தார்.

“நித்யாவுக்கு என்னாச்சுங்க அத்தை?”

அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதிர்ந்து பேசாத மனுஷன் அதிர்ந்துதான் கேட்டார்.

“அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க மாப்பிள்ளை. வண்டி சூடாவுது” என்றேன். சொல்லியாகிவிட்டது. உடம்பே லேசாகிவிட்டது.

ஜன்னலை இறக்கி, எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன். “வாம்மா, நெழல்ல வந்து நில்லு” என்றால் நித்யா அசையவில்லை.

“அத்தை எங்கயும் எறங்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க” என்று தன் மாமியார் சொன்னதைச் சொன்னாள். “வண்டி நிக்கக் கூடாதுன்னா சொன்னாங்க? நான் எறங்கவே மாட்டேன்.” வக்கீல் தோற்றுப்போவான்.

மாப்பிள்ளை பானெட்டைத் திறக்கலாம் என்று முன்னால் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஏதோ உடைந்து தொங்குகிறது போல என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன். அவர் அந்த மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பிலையெல்லாம் வெந்து சுருண்டு, கஷாயம் காய்ச்சுகிற மாதிரி கசப்பு வாசம் வந்தது.

“அத்தை, இது எஞ்சினுக்குக் காத்து போற வழிங்களே.”

“ஆமாங்களே!”

“இத கட்டுனது...”

“உங்கம்மாதாங்க.”

காற்று கருப்பு அண்டக் கூடாது என்று கட்டியது, காற்றையே அண்டவிடவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டுகிறேன். மாதாமாதம் ஒர்க்ஷாப்புக்குப் போகிறேன். இல்லாத சத்தமெல்லாம் என் காதில் விழுகிறது. கண்ணெதிரே ரேடியேட்டர் முகத்தை இழுத்துக் கட்டியபோது, தேர் மாதிரி இருக்கிறது என்று பூரித்துப்போய் நின்றேன். பெங்களூரில் வேலை பார்க்கிறவரும் பக்கத்தில்தான் நின்றார்.

மாப்பிள்ளை முடிச்சை அவிழ்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே ஃபேன் காற்றை இழுக்கிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

“எறங்குதும்மா!” என்று உள்ளிருந்து கத்தினாள் நித்யா.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தச் சத்தத்தில் வீட்டுக்காரர் கண்விழித்தார்.

“வூடு வந்துருச்சா? நான் சொல்லல, நம்ம வண்டி அலுங்காம கொண்டாந்து சேத்துரும்னு” என்றார்.

மாப்பிள்ளை துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “அம்மாகிட்ட சொல்லிறாதீங்க அத்தை. மனசு ஒடஞ்சிருவாங்க.” பிறகு அதை டிக்கிக் கைப்பிடியில் பூ மாதிரி முடிந்து, மிச்சமிருந்த வேப்பிலையையும் அதில் செருகினார். காற்று கருப்பு பின்பக்கமாக வந்தாலும் அண்டாது.

இரண்டு சாவி

மாப்பிள்ளையும் வீடுவரைக்கும் வந்தார். ஊசி பிறகு ஏறவே இல்லை. ஆனால் வண்டி நின்றது நின்றதுதானே? சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன்.

“வண்டி மேல தப்பு இல்லைங்களே அத்தை. நித்யா இங்கயே இருக்கட்டும்” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அடுத்ததையும் சொன்னார். “ஆனா என் வண்டியும் இங்கயே இருக்கட்டுங்க. ஒண்ணு இல்லன்னா ஒண்ணு.”

மறுநாள் மொரப்பூரில் ரயிலேறிப் போய்விட்டார். வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. “நம்ம வண்டிக்கு வேவு பாக்க ஆளு விட்டுட்டுப் போயிருக்காரு” என்று முணுமுணுத்தார். எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு வண்டி வாசலில் நின்றதில் தூக்கம் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்த வெள்ளைக் காரை ஓட்டிப் பழகினேன். கியர் கிடையாது, பட்டனை அழுத்தினால் கிளம்பும். சத்தமே வராது. ஓடுகிறதா நிற்கிறதா என்று இறங்கிப் பார்க்கலாம் போல இருக்கும். நல்ல வண்டிதான்.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே, ஒரு காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டது, பையை எடுத்தது, வீட்டைப் பூட்டியது எதுவும் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. இரண்டு சாவியும் கையில் இருந்தது நினைவிருக்கிறது.

புது வண்டியை எடுப்பதுதான் புத்தி. அதற்காகத்தானே விட்டுவிட்டுப் போனார். நான் அதன் பக்கம்தான் போனேன். திரும்பிப் பார்த்தால், நித்யா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, சாம்பல் வண்டியின் முன்கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா, இதுல வா. அவரு இதுக்காகத்தான் விட்டுட்டுப் போனாரு.”

“அதுல ஊசியே இல்லம்மா” என்றாள்.

ஆமாம், அதில் ஊசி இல்லை. பெரிய திரை இருக்கிறது, அதில் என்னென்னவோ படம் வரும். ஊசி கிடையாது. அவள் அதை எப்போது கவனித்துவைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. வீட்டுக்காரர் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்காமல், முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேத்தி பிறந்தது அன்று சாயங்காலம்தான். எல்லாரும் அந்த நாளைப் பற்றிப் பேசினால் ஆஸ்பத்திரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்த தர்மபுரி ரோடுதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஒரு வலி வந்து போவதற்குள் அவள் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துத் தொங்குவாள். வளையல்கள் எல்லாம் முழங்கைவரை இறங்கிக் கலகலக்கும். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன், ஊசியைப் பார்ப்பேன், மறுபடி அவள் முகம். எதிரில் வந்த லாரி ஹாரனை அலறவிட்டது. வண்டியைத் திருப்பி நேராக்கினேன்.

“அம்மா, நீ ரோட்டப் பாரு” என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, என் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் நீர். அடுத்த வலி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னாள்.

“ஊசி தூங்குதும்மா.”